அடிமூட்டைப் பங்கு

மூட்டையக்காவை நான் முதலில் சந்தித்தது முனைக்கடை வாசலில். வேலைக்காக நகரத்துக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் கையில் கால் கிலோ பருப்பு, ஒரு சின்னப் பொட்டலம் மிளகாய், விரல் நீள எண்ணெய் பாக்கெட். எனக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க நின்ற ஒரு பெண்மணி என் கையை எட்டிப் பார்த்தார். பிறகு கடைக்காரரைக் கேட்டார்.

“ஏண்ணே, உங்க பொண்ணு காலேஜுல சேர்ந்துடுச்சா?”

“சேர்ந்துடுச்சும்மா.”

“சேராம என்ன. கால் கிலோ வாங்குறவங்க இப்படி நாலு பேரு கிடைச்சாப் போதும், டாக்டருக்கே படிக்க வைக்கலாம்.”

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம், அதுவும் முதல் வகுப்பு. இதை எழுதும்போதுகூட ஒரு முறை நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு பருப்புப் பொட்டலத்தை வைத்து எடை போடுவதா என்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேலி முடிந்ததும் குரலை மாற்றினார்.

“தம்பி எங்க குடியிருக்கீங்க?”

“அந்த மூணு மாடி வீட்டுல. மேல் மாடி.”

“அட, நம்ம வீடுதான். நாங்க கீழ. ஞாயித்துக்கிழமை ரெண்டு பையோட முற்றத்துக்கு வாங்க. மூட்டை வருது. என்ன வேலை பாக்குறீங்க?”

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றேன். கூடவே படிப்பையும் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் ‘டிகிரித் தம்பி’ ஆகிவிட்டது.

மூட்டையக்காவின் வேலை பஸ் கழுவுவது. பஸ் டெப்போவில் விடியற்காலையிலேயே குழாயும் துடைப்பமுமாக இறங்கிவிடுவார். மத்தியானம் வீடு திரும்பும்போது அவருடைய விரல்கள் ஊறவைத்த கடலை மாதிரி சுருங்கியிருக்கும். கணவர் சொந்தமாக ஒரு மூன்று சக்கர லோடு வண்டி வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் ‘வண்டிக்காரர்’. இரண்டு மகள்களைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இப்போது இருவர்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இருபது பேர் சாப்பிடும் இடம் போலிருக்கும். கட்டிலுக்கு அடியில் தகர டின்கள், பரணில் பிளாஸ்டிக் பீப்பாய்கள், கதவுக்குப் பின்னால் மூட்டைகள். வண்டிக்காரர் சொல்வார்: “இந்த வீட்டுல அரிசி, பருப்பு எல்லாம் ஒழுங்கா படுத்துத் தூங்குது. நான்தான் காலை மடக்கிப் படுக்கிறேன்.”

முறை இதுதான். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துச் சந்திலுமாக இருபதுக்குக் கொஞ்சம் மேற்பட்ட குடும்பங்கள். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கு இவ்வளவு என்று பணத்தைச் சேர்த்து அக்காவிடம் கொடுப்பார்கள். அவர் மொத்த வியாபார மண்டிக்குப் போய், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் மூட்டையாகவும் டின்னாகவும் பிடித்துக்கொண்டு வருவார். முதல் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பங்கு பிரிப்பார்கள். கடையில் வாங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். என் சம்பளத்தில் அந்த மிச்சம்தான் அம்மாவுக்கு அனுப்பும் பணம்.

இதை ஊர் சிக்கனம் என்றது. சிலர் கஞ்சத்தனம் என்றார்கள். அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பயம். கல்யாணமான புதிதில் வண்டிக்காரர் காலை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருக்கிறார். அப்போது குடியிருந்த தெருவின் கடைக்காரர் கொஞ்ச நாள் கடன் கொடுத்துவிட்டு, ஒரு நாள் பிள்ளைகளின் முன்னாலேயே கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அக்கா ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

“காலி டப்பாச் சத்தம் இருக்கே தம்பி, அது பிள்ளை அழுகிற சத்தத்தை விட மோசம். பிள்ளை அழுதாத் தூக்கி வெச்சுக்கலாம். டப்பாவை என்ன பண்றது?”

அந்தப் பயத்திலிருந்து எழுந்ததுதான் மூட்டைக் கூட்டம். பயம் மற்றவர்களை முடக்கிப்போடும். அக்காவை அது மண்டிக்கு ஓட வைத்தது.

கூட்டத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. அரிசி மூட்டையின் அடியில் நொய்யும் தூசியும் தங்கும். ஆரம்பத்தில் அடி அரிசி யாருக்கு என்று குடுமிப்பிடிச் சண்டையாம். அதைத் தீர்க்க அக்கா ஒரு வழி செய்தார். மேலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எடை போட்டுக்கொண்டே வருவார். கடைசிப் பங்கை மட்டும் எடை போடுவதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. சாக்கோடு வாயைக் கட்டி அப்படியே ஒரு வீட்டுக்கு, பாதி விலையில். நொய் இருந்தால் என்ன, எப்படியும் மற்றவர்களின் பங்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். மாதம் ஒரு வீடு, முறை வைத்து. இதற்குப் பெயர் ‘அடிமூட்டைப் பங்கு’. முதலில் யாரும் வேண்டாம் என்று ஓடிய பங்கு, பிறகு எல்லோரும் நாள் எண்ணிக் காத்திருக்கும் பங்காயிற்று.

நான் வந்து ஒரு வருடம் கழிந்தபின் அந்த மழைக்காலத்தில் என் முறை வந்தது. அதற்கு முந்தின நாள் அக்கா மாடியேறி வந்தார்.

“டிகிரித் தம்பி, ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“இந்த மாசம் உங்க அடிமூட்டையை விட்டுக் குடுங்க. படிக்கட்டு ரூம் பொண்ணுக்குக் குடுத்துடலாம். நாமளே குடுத்தா வாங்க மாட்டா, ரோஷக்காரி. முறைன்னு சொன்னா வாங்கிக்குவா.”

படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் ஒரு தையல்காரப் பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள். ஒரு பெண் குழந்தை, அதற்குச் சின்னதாக ஒரு பையன். கணவன் வேலை தேடித் தூர தேசம் போயிருந்தான். போன இடத்திலிருந்து குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான், பணம் வரவில்லை. பள்ளிச் சீருடைத் துணியை மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். அவளுடைய மிதி மெஷின் சத்தம் படிக்கட்டு வழியாக மேல் மாடி வரை கேட்கும். நான் தலையாட்டினேன். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அவர் மண்டிக்குப் போனது சனிக்கிழமை. அங்கே நடந்ததை வண்டிக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

மழை பிடிக்கப்போகிறது, விலை ஏறப்போகிறது என்று மண்டி முழுக்கப் பேச்சு. அக்கா கேட்ட ரக அரிசி ஒரே ஒரு அடுக்கில்தான் இருந்தது. கணக்குப்பிள்ளை தலையைச் சொறிந்தான்.

“இந்த அடுக்கு இன்னும் காத்தாடலைம்மா. நாளன்னைக்கு வந்து எடுத்துக்கங்க.”

“நாளன்னைக்கு விலை என்னவா இருக்கும்?”

“அதை நான் எப்படிச் சொல்றது?”

“நீ சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். ஏறியிருக்கும். காத்தாடலையாம். உன் முதலாளி மூளைதான் நல்லாக் காத்தாடுது.”

அத்தனை வருடங்களாக மண்டியோடு மல்லுக்கட்டியவர் அவர். அங்கே யார் எதைச் சொன்னாலும் அது விலையை ஏற்றும் தந்திரம் என்றே அவர் காதில் விழும். ஈரம் என்பார்கள், லோடு வரவில்லை என்பார்கள், ஆள் இல்லை என்பார்கள். அத்தனையும் பொய் என்று பலமுறை கண்டுபிடித்திருக்கிறார். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். ஒரு மணி நேரம் சண்டை போட்டு, விலையையும் குறைத்து, மூட்டையையும் அன்றே ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. முற்றத்துத் தாழ்வாரத்தில் பங்கு நடந்தது. நான் சற்றுத் தாமதமாக இறங்கிப் போனேன். என் பங்கு பையில் தயாராக இருந்தது. அக்கா கடைசியாகச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன நாத்தம் இது, அழுகின மீன் மாதிரி?” என்றார் யாரோ.

“மழை பெய்ஞ்சா நம்ம சாக்கடை வேற எப்படி மணக்கும், மல்லிகையா?” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தோம். வண்டிக்காரர் அந்தச் சாக்கைத் தூக்கிப்போய்ப் படிக்கட்டு அறைக்குள், துணி வெட்டும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். அவர் டின்னைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது வண்டிக்காரரின் போன் அடித்தது. மண்டியில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர். அவரும் வண்டிக்காரரும் பல நாள் பழக்கம். போனில் குரல் வெளியே கேட்டது.

“அண்ணே, நேத்து எடுத்துட்டுப் போனீங்கல்ல, அந்த அரிசி மூட்டை... பிரிச்சுட்டீங்களா?”

“பிரிச்சு, பங்கும் போட்டாச்சு. ஏன்?”

“உள்ள ஒரு துணிப் பொட்டலம் இருந்துச்சா?”

“பொட்டலமா? என்ன பொட்டலம்?”

“வண்டு மாத்திரைண்ணே. அந்த அடுக்குக்கு வெள்ளிக்கிழமைதான் வெச்சோம். எடுக்கும்போது ஒரு பொட்டலம் குறையுது. எல்லா மூட்டையும் பாத்துட்டோம். உங்களுதுதான் பாக்கி. வாயைத் தெச்சு, தலைகீழா நிறுத்தியிருந்தோம்.”

எண்ணெய் டின் வழிந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. பொட்டலத்தை நுழைத்த வாய் கீழே இருந்திருக்கிறது. அக்கா பிரித்தது மறுபக்கம். அப்படியானால் அது அடியில் இருக்கிறது. அடி கொட்டப்படவே இல்லை.

அந்த மாத்திரை என்ன என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடாக எழுதியது. ஈரக் காற்றுப் பட்டால் போதும், வாயுவாக மாறும். வண்டுக்கு மட்டும் விஷமில்லை, மூச்சு விடுகிற எதற்கும் விஷம். அதற்கு மாற்று மருந்து கிடையாது என்பதும் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று என் படிப்பை நான் வெறுத்த ஒரே நிமிடம் அதுதான்.

“அக்கா, அந்த ரூமுல ஜன்னல் இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. சாரல் அடிக்குதுன்னு அட்டை வெச்சு அடைச்சிருக்கா. துணி நனையுமாம்.” சொல்லிவிட்டு அவர் காதைத் தீட்டினார். “ஏங்க, மெஷின் சத்தம் கேக்குதா?”

வண்டிக்காரர் மேலே விளக்கைப் பார்த்தார். “கரண்ட் இல்லையே.”

“அவளோடது மிதிக்கிற மெஷின்யா.”

அக்கா செருப்புப் போடாமல் ஓடினார். எண்ணெய்க் காலோடு முற்றத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். படிக்கட்டு அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சீருடை அவசரமாகக் கேட்டிருந்தார்கள் என்று முந்தின இரவெல்லாம் தைத்தவள், பிள்ளைகளோடு கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள்.

“அம்மாடி. ஏ பொண்ணு. கதவைத் திற.” அக்கா கையால் தட்டினார், பிறகு தோளால் இடித்தார். உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. மழைதான் சத்தமாக இருந்தது. கொஞ்சம் கழித்துக் கதவுக்கு மிக அருகில், தரையோடு தரையாக, யாரோ நகத்தால் பிறாண்டுவது போல ஒரு சின்ன ஓசை. அந்த ஓசையைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கை நான் இதுவரை வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

வண்டிக்காரர் சக்கரம் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்து நெம்பினார். தாழ்ப்பாள் பிய்ந்தது. கதவு பாதிதான் திறந்தது. தையல்காரப் பெண் அதன் குறுக்கே கிடந்தாள். எழுந்து வர முயன்று, அதற்குமேல் முடியாமல் அங்கேயே விழுந்திருக்கிறாள். காலையில் யாரோ சொன்ன அதே நாற்றம் இப்போது முகத்தில் அறைந்தது.

“மூச்சைப் பிடிச்சுக்கங்க, உள்ள நிக்காதீங்க,” என்று கத்தினேன். அக்கா அதையெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. மேசையடியில் சாக்கு. சாக்கின்மேல் சாய்ந்தாற்போல் பாய். பாயில் பிள்ளைகள். ஒன்றை அவர் தூக்கினார், ஒன்றை நான். பெண் குழந்தை வாந்தியெடுத்து ஓய்ந்து முனகிக்கொண்டிருந்தது. பையன் முனகவும் இல்லை. ஈரத்துணி மாதிரி அக்காவின் தோளில் தொங்கினான்.

வண்டிக்காரர் தாயைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சாக்கை மழையில் வீச உள்ளே திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்ணே. தண்ணி பட்டா இன்னும் புகையும். கதவைத் திறந்தபடி விட்டுட்டு வாங்க. யாரும் கிட்ட போக வேண்டாம்.”

“நிஜமாவா?”

“நிஜம்ணே. அதைத்தான் படிச்சேன்.”

லோடு வண்டியின் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி தூரமில்லை, ஆனால் சாலையெல்லாம் தண்ணீர். வண்டி குதிக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா கேட்டார்: “தம்பி, இவனுக்கு மூச்சு இருக்கா பாருங்க.” பார்த்து, இருக்கிறது என்பேன். அடுத்த பள்ளத்தில் மறுபடி கேட்பார். இடையிடையே எனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்து, இன்று வாங்கிய அரிசியை அறையிலிருந்து எடுத்துத் தாழ்வாரத்தில் திறந்து வையுங்கள், ஜன்னல்களைத் திறங்கள் என்று சொன்னேன். ஒரு வீட்டில், “சமைச்சு சாப்பிட்டே முடிச்சுட்டோமே” என்று மறுமுனை குரல் நடுங்கியது. கழுவி வேகவைத்ததில் பயமில்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலும் நடுங்கியதால் அவர்கள் நம்பவில்லை. அவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னேன். “நல்ல வேளை, இது தெரிஞ்சுது” என்றார் அவர். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். தாயும் பெண்ணும் வார்டுக்கு, பையன் தீவிர சிகிச்சைக்கு. அவனுடைய இதயத் துடிப்பு ஒழுங்கில்லையாம்.

அந்தக் கதவுக்கு எதிரே நாற்காலிகள் இருந்தும் அக்கா தரையில் உட்கார்ந்தார். சேலையெல்லாம் எண்ணெய், சேறு.

“இதுக்கு மருந்து இருக்கும்ல தம்பி?”

“ஆக்சிஜன் குடுக்குறாங்கக்கா.”

“அதில்ல. மருந்து.”

“நல்லாப் பாத்துக்கறாங்க.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். படித்தவன் சுற்றி வளைத்துப் பேசினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா. மறுபடி கேட்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

“விலையைக் குறைச்சுட்டேன்னு வீட்டுக்கு வந்து பெருமையடிச்சேன். ஒரு மணி நேரம் நின்னு சண்டை போட்டேன் தம்பி. அவன் நாளன்னைக்குன்னுதான் சொன்னான்.”

வண்டிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், அன்று அவரிடம் ஒன்றும் இல்லை. “வீட்டுக்குப் போய் துணி மாத்திட்டு வா” என்றார். அக்கா அசையவில்லை. எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. என் முறை அது. விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் அந்தச் சாக்கு என் அறைக்கு வந்திருக்கும். என் அறைக்கு மூன்று ஜன்னல்கள், எல்லாமே திறந்திருக்கும். ஒருவேளை தலைவலியோடு போயிருக்கும். அல்லது போயிருக்காது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தாய் கண் திறந்தாள். பிள்ளைகளைக் கேட்டாள். சொன்னோம். பிறகு, “சீருடைத் துணி நனைஞ்சுடுச்சா?” என்று கேட்டாள். அக்கா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பையனைப் பற்றி டாக்டர்கள் சில நாட்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பொழைச்சுக்குவான் என்பார்கள், அடுத்த முறை கேட்டால் பார்ப்போம் என்பார்கள். அந்த நாட்களில் அக்கா டெப்போவுக்குப் போய்ப் பஸ் கழுவிவிட்டு, நேராக அந்தத் தரைக்கு வந்துவிடுவார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தோள்கள் தூக்கிப்போடும். மண்டி முதலாளி பழக்கூடையோடு வந்து, “எங்க கடையில மூட்டைக்குள்ள வைக்கிற பழக்கமே கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் சண்டை போடும் தெம்புகூட அக்காவுக்கு இல்லை. நாங்கள்தான் புகார் எழுதிக் கொடுத்தோம்.

கடைசியில் பையன் பிழைத்தான். ஒரு நாள் காலையில் நர்ஸிடம் பிஸ்கட் கேட்டிருக்கிறான். செய்தியைச் சொன்னதும் அக்கா அழவில்லை, சிரிக்கவில்லை. “எத்தனை பிஸ்கட்?” என்று கேட்டார். இரண்டு என்றேன். “சரி” என்று தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

அதோடு மூட்டைக் கூட்டம் நின்றது. மீதிப் பணத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார். வீட்டிலிருந்த டின்களையும் பீப்பாய்களையும் காலி செய்து வெயிலில் கவிழ்த்தார். சிலர் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி முற்றத்தில் நின்று, “மிச்சம் பிடிக்கிறேன்னு பிள்ளைகளைச் சாகடிக்கப் பாத்தாங்க” என்று அவர் காதுபடவே சொன்னார். அப்போதும் அக்கா ஜன்னலை மூடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்த ஜன்னலையும் மூடுவதில்லை.

மழைக்காலம் முடிந்தது. விலை மட்டும் இறங்கவில்லை. எல்லோரும் முனைக்கடைக்குத்தான் போனோம். அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை நான் குறைத்தேன். முகம் திருப்பியவர்களே மெல்ல வந்து, “திரும்ப ஆரம்பிக்கலாமேக்கா” என்று இழுத்தார்கள். “என் கையால இனிமே ஒரு மணி அரிசி யாருக்கும் வேண்டாம்” என்பதே பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரப் பெண் இரண்டு பைகளோடு அக்கா வாசலில் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

“எப்போக்கா மூட்டை வருது?”

“மூட்டையெல்லாம் இல்லம்மா. நீ கடையிலயே வாங்கிக்க.”

“கடையில வாங்க வழியிருந்தா உங்ககிட்ட ஏன் வர்றேன்?”

“உனக்கு என்கிட்ட வாங்கப் பயமா இல்லையா?”

“இருக்கு.” அவள் மறைக்கவில்லை. “அந்த ரூமுக்குள்ள போகவே பயமாத்தான் இருக்கு. தினம் போறேன். மாசக் கடைசியில டப்பாவைத் திறக்கறதுக்கும் பயமா இருக்கு. எதுக்குன்னு பயப்படறது? நீங்களே சொல்லுங்க.”

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பையன் முகத்தை என்னால நேரா பாக்க முடியலைம்மா.”

“பாக்க வேண்டாம். அவனுக்குச் சோறு போட வழி பண்ணுங்க. நாங்க படிச்சவங்களா, பணக்காரங்களா, வேற என்ன வழி தெரியும் எங்களுக்கு?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க படிச்சவருதான். உங்களைச் சொல்லல” என்று சேர்த்துக்கொண்டாள். வண்டிக்காரர் உள்ளேயிருந்து இருமினார். அது பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு.

அடுத்த மாதம் மூட்டை வந்தது. வேறு மண்டி. கூடவே நானும் போனேன். கணக்குப்பிள்ளையிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி விலை இல்லை, எந்தத் தேதியில் மருந்து வைத்தீர்கள் என்பது. அவன் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகு வண்டிக்காரர் என் காதில் சொன்னார்: “இவ பேரம் பேசாம ஒரு பொருளை வாங்கி இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

அடிமூட்டைப் பங்கை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு மூட்டையும் முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் கடைசி மணி வரை கொட்டப்படுகிறது. அது காற்றாடும் நாளெல்லாம் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. அக்கா மட்டும் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பொங்கி, தான் மட்டும் சாப்பிடுவார். கணவருக்குக்கூடக் கொடுக்கமாட்டார். மறுநாள் காலை தான் நல்லபடியாக எழுந்த பிறகுதான் பங்கு. காற்றாடிய அரிசியில் அந்த வாயு தங்காது, இந்தச் சாப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு அர்த்தமே இல்லை என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

“உங்க படிப்பு சரியாத்தான் சொல்லும் தம்பி. என் வயிறு கேக்கணுமே.”

“ராஜாவுக்குக்கூட இப்படி ருசி பாக்க ஆள் இருந்திருக்க மாட்டாங்க,” என்பார் வண்டிக்காரர். சொல்லிவிட்டு, அன்றிரவு அவர் தூங்காமல் மனைவியின் மூச்சைக் கவனித்துக்கொண்டு படுத்திருப்பார். இதை அவரே என்னிடம் சொன்னார், அக்காவிடம் சொல்லாதே என்ற கட்டளையோடு.

மூட்டையக்கா இப்போதும் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறார். டெப்போவில் இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. கூட்டத்தில் முன்பிருந்ததைவிடச் சில வீடுகள் குறைவு. தையல்காரப் பெண் முதல் மாடியில் ஒரு அறைக்கு மாறிவிட்டாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான், வருடம் ஒரு முறை இதயத்தைப் பரிசோதிக்க அழைத்துப் போகிறார்கள். அந்த நாளில் அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுக் கூடவே போகிறார்.